அந்த வாட்ஸ்அப் குழுதான் கைகொடுத்தது

புற்றுநோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குத் தனிச் செயலி வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. சரி, வரட்டும். அம்மாவுக்குக் கீமோ நடந்த ஆறு மாதமும் என்னைத் தாங்கியது, வார்டு வராந்தாவில் பழகிய ஏழெட்டுப் பேர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுதான். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு 101 டிகிரி காய்ச்சல். மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருந்தேன். குழுவில் போட்டதும் ஓர் அக்காவின் குரல் பதிவு வந்தது: “காத்திருக்காதே தம்பி, கீமோ சமயத்தில் 100.4 தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நோயை எதிர்க்கிற வெள்ளை அணு ரத்தத்தில் குறைஞ்சிருக்கும்.” ஓடினோம்.

எல்லாரும் அம்மாவைத்தான் விசாரித்தார்கள். ‘நீ சாப்பிட்டியா’ என்று என்னைக் கேட்டது அந்தக் குழு மட்டும்தான். அப்புறம், மனப் பாரம் தாங்க முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.