இறகு இல்லைங்க, துணி!

அந்த ரீலைப் பற்றித்தான். இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருப்பதுதான், மறுபடி லிங்க் போட மாட்டேன். சிறுத்தைத்தோல் பிரின்ட் போட்ட பாலியஸ்டர், இடுப்பைச் சுற்றித் தோல் குஞ்சம், தலையில் சாயம் முக்கிய கோழி இறகு. அதற்குப் பெயர் ‘ஆஸ்டெக் பாரம்பரிய உடை’. (ஆஸ்டெக் என்றால் ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் பேரரசு நடத்தியவர்கள்.) கூடவே ஒரு வரலாற்றுப் பேருரை: “இவங்களுக்குத் துணியே தெரியாது, தோலும் இறகும்தான்.” கீழே போய்த் தவறு என்று நாலு வரி எழுதினேன். “அங்கிள், போய்த் தூங்குங்க” என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு எத்தனை சிரிப்பு! தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

அது துணி. நெய்த துணி. தறியிலிருந்து இறக்கிய பிறகு கத்தரி படாத துணி.

ஆணுக்கு மாஷ்ட்லாட்ல். நம்ம ஊர்ச் சொல்லில் கோவணம் (சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்). நீளமான ஒரு பட்டை. இடுப்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முன்னால் முடிச்சுப் போட்டால் முனைகள் தொங்கும். நல்ல குடியில் பிறந்தவன் என்றால் அந்த முனைகளில்தான் வேலைப்பாடெல்லாம். அதற்கு மேல் தில்மாட்லி, செவ்வகமான ஒரு போர்வை. பெரும்பாலும் வலது தோளில் ஒரே ஒரு முடிச்சு. ஊசியும் இல்லை, பொத்தானும் இல்லை. உட்காரும்போது முன்பக்கமாக இழுத்து முழங்காலையும் மூடிக்கொள்வார்கள். ஓவியச் சுவடிகளில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வெள்ளை மூட்டை மாதிரித் தெரிவது அதனால்தான்.

பெண்ணுக்குக் குவேயிட்ல் என்ற சுற்றுப்பாவாடை, அது நழுவாமல் இருக்க நெய்த கச்சை. மேலே வீபில்லி. இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்து, கழுத்துக்கு ஒரு கீறல், கைக்குத் திறப்பு. அந்தக் கீறல் அடிக்கடி கிழியும் இடம், அதனால் அதன் கீழே ஒரு செவ்வகத்தில் அழுத்தமான வேலைப்பாடு. ரீலில் வந்த அம்மணி தோளில் போட்டிருந்தது முக்கோணமாகத் தொங்கும் கெச்கெமிட்ல் மாதிரி ஒன்று. ஆஸ்டெக் காலத்தில் அது பெண் தெய்வங்களுக்கும் அவர்கள் வேடம் ஏற்றவர்களுக்கும் உரியது, அன்றாட உடை இல்லை. அம்மன் அலங்காரத்தைச் செய்துகொண்டு “எங்க ஊர்ப் பெண்கள் தினமும் உடுத்துவது இது” என்று சொல்வது போல.

துணி என்றேனே, எப்படி நெய்தார்கள் என்பதைப் பார்க்காமல் ‘தெரியாது’ என்று சொல்வதுதான் என்னைச் சுடுகிறது. இடுப்புத் தறி. இரண்டு கம்புகளுக்கு நடுவே பாவு, அதாவது நீளவாக்கு இழைகள். ஒரு கம்பு மரத்திலோ தூணிலோ கட்டியிருக்கும், இன்னொன்று நெய்பவளின் இடுப்பைச் சுற்றிய பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். உடம்புதான் தறியின் பாதி. பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக் கம்பைத் தூக்கும்போது கொஞ்சம் தளர வேண்டும், வாள் மாதிரியான மட்டையால் ஊடையை (குறுக்கு இழையை) அடிக்கும்போது இறுக வேண்டும். சாய்வு ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஓரம் உள்ளே வாங்கும், துணி நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி வரும். அகலம் கை எட்டும் அளவுதான்; அகலமான உடை வேண்டுமென்றால் துண்டு துண்டாக நெய்து இணைக்க வேண்டும். நான்கு பக்கமும் கரை வேண்டுமானால் கடைசி விரற்கடை உயிரை எடுக்கும். பாவு திறக்க இடமே இருக்காது, மட்டை நுழையாது, ஊசியால்தான் ஊடையை ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நெசவு சற்றுத் தளர்ந்திருக்கும். பழந்துணியில் அந்தத் தளர்வைப் பார்த்தே எந்தப் பக்கம் முடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

நூலுக்கு வருகிறேன். கீழடியில் கிடைத்த தக்களியை (நூல் முறுக்கும் சுழல் கருவி) பகிர்ந்து பெருமைப்பட்டோமே, அதே தக்களிதான் அங்கேயும். பருத்திக்குச் சிறிய, லேசான தக்களி. அதைக் கிண்ணத்தில் ஊன்றிச் சுற்றுவார்கள். பருத்தி இழை குட்டை, கனத்தைத் தொங்கவிட்டால் அறுந்துவிடும். மாகேய் கற்றாழை நாருக்குப் பெரிய, கனமான தக்களி. அந்த நார் நீளம், முரடு, கனம் இல்லாவிட்டால் முறுக்கு ஏறாது. அந்த நாரும் சும்மா கிடைப்பதில்லை. மடலை வாட்டி, சதையைச் சுரண்டி, அலசி, காயவைத்து, சீவிய பிறகே நூற்க முடியும்.

ஆஸ்டெக் வாழ்க்கையைப் படங்களாகச் சொல்லும், 1541 வாக்கில் தொகுக்கப்பட்ட மெண்டோசா சுவடியில் குழந்தை வளர்ப்பை வயதுவாரியாக வரைந்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பெண்ணுக்குத் தாய் நூற்பதைக் காட்டுகிறாள். ஆறு வயதில் அவளே நூற்கிறாள். பதினான்கில் இடுப்பில் தறி. பிறந்த பெண் குழந்தைக்கான சடங்கிலேயே துடைப்பமும் நூற்கும் சாமானும் உண்டு. துணியே தெரியாதாம்!

இன்னொன்று. மெக்சிகோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். உறைபனி விழும், பருத்தி வராது. அதனால் அங்கிருந்த ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானுக்குப் பருத்தி மோரேலோஸ், மெக்சிகோ வளைகுடாக் கரை போன்ற வெப்ப நிலங்களிலிருந்து வந்தது, பெரும்பகுதி கப்பமாக. மெண்டோசா சுவடியின் கப்பப் பட்டியலில் போர்வைகள் நானூறு நானூறாக எண்ணப்படுகின்றன. நானூறுக்கு ட்சொன்ட்லி என்று பெயர், அந்தச் சொல்லுக்குத் தலைமுடி என்றும் பொருள். சில போர்வைகளின் மேல் விரல் படங்கள் இருக்கும். அழகுக்கு அல்ல, நீள அளவு அது. குவாச்ட்லி என்ற வெள்ளைப் போர்வை பணமாகவே புழங்கியது. ஸ்பானியப் பாதிரியார் சஹாகூன் பதிவுசெய்த கணக்கில் முதல் தரத்துக்கு 100 கொக்கோ விதை, அடுத்ததற்கு 80, அதற்கடுத்ததற்கு 65. எந்தக் கோழி இறகுக்கு இப்படி மூன்று தரம் பிரித்து விலை வைத்தார்கள்?

“அப்போ இறகே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருந்தது. அமான்ட்லா பகுதி இறகுக் கலைஞர்களின் வேலை உலகமே மெச்சியது. ஆனால் இறகை எதன் மேல் ஒட்டினார்கள்? பருத்தித் துணி, மரப்பட்டைக் காகிதம், ஆர்க்கிட் கிழங்குப் பசை. வீரர்கள் போட்ட த்லாவீஸ்ட்லி முழு உடைக்கும் அடியில் துணிதான். வியன்னாவில் இருக்கும் அந்தப் பெரிய கெட்சால் பறவை இறகுத் தலையணிகூட நார் வலையில் கட்டியது. அது ஸ்பானியர் வந்தபோது ஆண்ட அரசர் இரண்டாம் மொக்தெசுமாவுடையது என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. போர்க்களத்துக்கு இச்காவீபில்லி வேறு. இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை அடைத்துத் தைத்த, விரல் தடிமன் உள்ள கவசம். இரும்புக் கவசத்தோடு வந்த ஸ்பானியர்களே அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

“சட்டப்படி ஏழைகள் பருத்தி உடுத்தக்கூடாதே, அப்போ நீங்க சொல்றது பணக்காரர் கதைதானே” என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவருக்கு முந்தைய அரசர் முதலாம் மொக்தெசுமா (1440–1469) போட்ட சட்டம் என்று ஸ்பானியப் பாதிரியார் டியெகோ துரான் எழுதுகிறார்: சாமானியருக்கு நார்த்துணி மட்டும், போர்வை முழங்காலைத் தாண்டினால் மரண தண்டனை, காலில் போர்த் தழும்பு இருந்தால் விலக்கு. ஆனால் மோரேலோஸில் காபில்கோ, குவெஷ்கோமாதே அகழாய்வுகளில் சாமானியர் வீடுகளிலேயே பருத்தித் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. நூற்றவர்கள் அதையே உடுத்தினார்களா, கப்பத்துக்காக நூற்றார்களா என்பது தனி விவாதம். எப்படியானாலும் நாரும் நெய்த துணிதானே சாமி. தோல் இல்லையே.

“நரபலி கொடுத்தவங்களுக்கு எதுக்கு இவ்வளவு வக்காலத்து?” இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. பதினான்கு வயதில் இடுப்பில் பட்டை கட்டி உட்கார்ந்த பெண்ணிடம் போய்க் கேளுங்கள்.

‘ஆஸ்டெக் பிரின்ட்’ குர்த்தி வைத்திருப்பவர்கள் கோபப்பட வேண்டாம், ஆனால் அந்தக் கோணல்மாணல் கோடுகளில் பலவும் வட அமெரிக்க நவாஹோ பழங்குடியினரின் கம்பளிகளைப் பார்த்துப் போட்டவை. உண்மையான ஆஸ்டெக் போர்வை வடிவங்கள் மாலியாபெக்கியானோ சுவடியில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வெட்டிய சங்கின் வடிவத்தைப் போர்வையில் போட்டிருக்கிறார்கள். அதை யாராவது குர்த்தியில் போட்டால் நானே முதலில் வாங்குகிறேன்.

எனக்கு வலிப்பது வேறு. ஸ்பானியர் வந்த பிறகு ஆண்களின் கோவணம் போய்ச் சட்டையும் கால்சட்டையும் வந்துவிட்டன. பாதிரியார்களுக்கு உறுத்தாத பெண்களின் உடை தப்பியது. மெக்சிகோவின் பூவெப்லா மலைகளில், ஆஸ்டெக்குகளின் மொழி பேசும் நஹுவா பெண்கள் இன்றைக்கும் இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். வீபில்லி, இப்போது வீபில் என்ற பெயரில், இன்றும் இருக்கிறது, கெச்கெமிட்லும் இருக்கிறது, இப்போது அது மனிதப் பெண்களின் உடையாகவே. உயிரோடு இருக்கிற ஒரு கைவேலையைப் பற்றி, உயிரோடு இருக்கிற அந்தப் பெண்களைப் பற்றி, “துணியே தெரியாது” என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது பாருங்கள்.

இதையே சுருக்கி அந்த ரீலுக்குக் கீழே மறுபடி போட்டேன். பத்து நிமிஷத்தில் நீக்கிவிட்டார்கள். “அங்கிள்” கமெண்ட் மட்டும் இன்னும் இருக்கிறது.