கீழ்ப்பாக்கத்தை கிரவுண்டு கணக்கில் அளக்காதீர்கள்

சென்னை கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கூட வருகிறவர்களில் யாராவது கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். "சிட்டி நடுவுல எவ்ளோ இடம்! ஒரு கிரவுண்டு என்ன விலை போகும் தெரியுமா?" போன வாரம் என் சித்தப்பாவே கேட்டார். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

சில மாதங்கள் ஒரு சின்ன ஊரின் குடிநீர்ச் சொத்துகளை மதிப்பிடும் வேலையில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொத்துப் பதிவேட்டில் மேல்நிலைத் தொட்டி நிற்கும் நிலத்துக்கு நேராக 'ரூ. 1' என்று எழுதியிருந்தது. எப்போதோ புறம்போக்கிலிருந்து மாற்றிக் கொடுத்த இடம், காசு கொடுத்து வாங்கவில்லை, அதனால் ஒரு ரூபாய். தொட்டியின் மதிப்பு, தேய்மானம் கழித்துக் கழித்து பூஜ்யம். அன்று காலையும் ஊருக்குத் தண்ணீர் போனது அதே தொட்டியிலிருந்துதான்.

சரி, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை எடுத்து சதுர அடியோடு பெருக்கினால்? கோடிகளில் வந்தது. எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. ஒரு ரூபாய் நிலத்துக்கு யாரும் சுற்றுச்சுவர் கட்டமாட்டார்கள், ஆக்கிரமிப்பு வந்துவிடும். கோடி ரூபாய் நிலம் என்றால் விற்கச் சொல்லி ஆள் வந்துவிடும்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டு, கையில் வால்வு சாவியோடு சொன்னார்: "சார், ஊர்லயே இதுதான் மேடு. இங்க ஏத்திட்டா போதும், கடைசித் தெரு வரைக்கும் தண்ணி தானா எறங்கிடும்." அந்த மேட்டுக்குப் பதிவுத் துறையின் வழிகாட்டிப் பட்டியலில் தனி விலை கிடையாது. ஆனால் தொட்டியைப் பள்ளத்துக்கு மாற்றிப் பாருங்கள். கூடுதல் மோட்டார், மாதாமாதம் கரண்டு பில், தெருத்தெருவாகத் தோண்டிப் புதுக் குழாய். புது நிலத்தைக் கையகப்படுத்த வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். விற்றதைத் திரும்ப வாங்க குறைந்தது இரண்டு மடங்கு!

கீழ்ப்பாக்கமும் அப்படித்தான். 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் வந்து சேர்ந்த இடம் அது. 1914இல் மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி அங்கே மணல் வடிகட்டிகளும் பம்புகளும் வந்தன. நகரத்தின் பெரிய குழாய்கள் அங்கிருந்து கிளை பிரிந்தன.

2019 ஜூலை 12 ஞாபகம் இருக்கிறதா? ஏரிகள் வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றதைத்தான் நாம் பார்த்தோம். அப்புறம் அந்தத் தண்ணீர் போனது கீழ்ப்பாக்கத்துக்கு. சுத்தம் செய்யவும் ஊருக்குப் பிரித்து அனுப்பவும் வழி அங்கே தயாராக இருந்தது. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நின்றிருந்தால் ரயிலை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்போம்?

குடிநீர் நிலத்துக்கு விலையே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகப் போட வேண்டும். பட்டா இல்லாத இடங்களுக்கு முதலில் பட்டா வாங்க வேண்டும், புல எண் வாரியாக அளந்து கல் நட வேண்டும். பதிவேட்டில் இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: இந்த இடம் போனால் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும், வேறு இடத்தில் இதே வேலையைச் செய்ய இன்று எவ்வளவு ஆகும். அந்த ஆபரேட்டர் அண்ணனைக் கேட்டால் முதல் பத்தியை ஒரே மதியத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுவார்.