ஜிம் ஹாலும் ஒற்றைத் தந்தியும்

கிட்டார் வாசிக்கும் நண்பர்களிடம் ஜாஸில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் வெஸ் மான்ட்கோமரி, ஜோ பாஸ், ஜார்ஜ் பென்சன், பாட் மெத்தீனி என்று மளமளவெனப் பெயர்கள் வரும். ஜிம் ஹால் பெயர் வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். பலருக்கு அவரைத் தெரியவும் தெரியாது. ஆனால் பாட் மெத்தீனி, பில் ஃப்ரிசெல், ஜான் ஸ்கோஃபீல்ட் என்று அடுத்த தலைமுறையின் பெரிய கைகள் எல்லோரும் தங்கள் முன்னோடி என்று கைகாட்டுவது இந்த மனிதரைத்தான்.

கொஞ்ச நாளாக நான் வேறு யாரையும் கேட்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் கை தானாக கிட்டாரைத் தேடுகிறது. இத்தனை வருடம் கேட்ட எந்த மேதையும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை. அவர்களைக் கேட்டால் பிரமிப்பு வரும். பிரமித்துப் போனபின் கிட்டாரை உறையில் போட்டு மூடத்தான் தோன்றும். ஜிம் ஹாலைக் கேட்டால் எடுத்து வாசிக்கத் தோன்றுகிறது. ஏன் இப்படி என்று யோசித்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோவின் கிளீவ்லாந்தில். பத்து வயதில் கிறிஸ்துமஸுக்கு அம்மா வாங்கிக் கொடுத்த கிட்டாரில்தான் எல்லாம் ஆரம்பம். பதின்மூன்று வயதில், பென்னி குட்மன் குழுவின் இசைத்தட்டு ஒன்றில் சார்லி கிறிஸ்டியன் கிட்டார் வாசித்ததைக் கேட்டார். அது என்னவென்றே அந்தப் பையனுக்குப் புரியவில்லை, ஆனால் தானும் அதைச் செய்ய வேண்டும் என்பது மட்டும் புரிந்துவிட்டது. அப்புறம் கிளீவ்லாந்து இசைக் கல்லூரியில் மேற்கத்திய செவ்வியல் இசையை முறையாகப் படித்தார். 1955இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டன் குழுவில் சேர்ந்தார். அடுத்து ஜிம்மி ஜுஃப்ரியின் மூவர் குழு.

இந்த ஜுஃப்ரி குழுவில் டிரம்ஸே கிடையாது. தாளத்தை யாரும் தட்டிக் காட்ட மாட்டார்கள், மூன்று பேரும் மனதுக்குள் சுமந்துகொண்டு வாசிக்க வேண்டும். ஜுஃப்ரி கிளாரினெட்டில் காற்றோடு காற்றாக ஊதுகிறவர். பக்கத்தில் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் டக் டக்கென்று விழுந்தால் ஒட்டாது. அதனால் ஜிம் ஹால் பிக் என்கிற சின்னத் தகட்டால் மீட்டுவதைக் குறைத்து, இடது கை விரலாலேயே அடுத்தடுத்த சுரங்களை இழைத்து எடுக்கச் சாதகம் செய்தார். அந்த மிருதுவான, பேசுகிற மாதிரியான வாசிப்பு கடைசிவரை அவர் கையில் நின்றது. இன்னொருவரோடு சேர்ந்து ஒலிப்பதற்காக ஒரு மனிதர் தன் கையையே மாற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய அடக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். மேடையில் கும்பிட்டு நிற்பதோ, பேட்டியில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதோ அல்ல.

1962க்கு வருவோம். சாக்ஸஃபோன் மேதை சானி ரோலின்ஸ் 1959இல், புகழின் உச்சியில் இருந்தபோது, திடீரென்று கச்சேரிகளை நிறுத்திவிட்டார். தன் வாசிப்பு தனக்கே போதவில்லை என்பதுதான் காரணம். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. அதனால் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போய் வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் ரயில் கடகடத்துப் போகும், கீழே கப்பல்கள் சங்கு ஊதும். வெயிலோ குளிரோ, மணிக்கணக்காக அங்கேயே சாதகம். 1961 கடைசியில்தான் மறுபடி மேடை ஏறினார்.

அப்படித் திரும்பி வந்தவர், தன் புதிய குழுவில் பியானோ வேண்டாம், கிட்டார் போதும் என்று முடிவு செய்தார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஜிம் ஹாலின் தபால் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போனார், இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று. உலகமே திரும்பிப் பார்க்கக் காத்திருந்த கலைஞர், ஊரிலேயே சத்தம் குறைவாக வாசிக்கும் கிட்டார்காரரைத் தேடிப் போகிறார்! ‘தி பிரிட்ஜ்’ (பாலம்) என்ற பெயரிலேயே 1962இல் வந்த அந்த இசைத்தட்டைக் கேட்டால் காரணம் விளங்கும். ரோலின்ஸின் சாக்ஸஃபோன் கம்பீரமாக, தடித்த குரலில் ஓடும். பியானோ இருந்திருந்தால் அதன் கார்டுகள், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்துகள், இடத்தை அடைத்திருக்கும். ஜிம் ஹால் இரண்டே சுரத்தை வைப்பார், ஒதுங்குவார், ரோலின்ஸ் வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு சின்னக் கேள்வி மாதிரி எதையோ கேட்பார். ரோலின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போவார். பக்கவாத்தியத்துக்கு இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

அதே 1962இல்தான் பியானோ மேதை பில் எவன்ஸோடு இருவர் மட்டும் வாசித்த பதிவும் நடந்தது. ‘அண்டர்கரண்ட்’ என்று பெயர். அட்டையில் ஒரு பெண் தண்ணீருக்கடியில் மிதக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பியானோவும் கிட்டாரும் ஜோடி சேர்வது உண்மையில் பெரிய தலைவலி. இரண்டுமே கார்ட் வாசிக்கும் வாத்தியங்கள், இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்றை ஒன்று மறைக்கும். ஒருவர் சற்று அசந்தாலும் குழம்பிவிடும். இவர்களோ ஒரு தடவைகூட முட்டிக்கொள்ளவில்லை.

அதில் முதல் பாட்டை மட்டுமாவது கேளுங்கள். மெதுவாகப் பாடிப் பழகிய ஒரு காதல் பாட்டை வேகத்தில் எடுத்திருப்பார்கள். நடுவில் பில் எவன்ஸ் தனியாவர்த்தனம் மாதிரிப் பாய்ந்து ஓடும்போது ஜிம் ஹால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு தாளத்துக்கு நான்கு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு மெல்லிய மீட்டு. ஸ்ஸக், ஸ்ஸக், ஸ்ஸக், ஸ்ஸக். அவ்வளவுதான். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் பல பத்தாண்டுகள் செய்த வேலை அது. பேஸ் என்கிற கனத்த சுர வாத்தியமும் டிரம்ஸும் இல்லாத குறையை அந்த வலது கை ஒன்றே தீர்க்கிறது. முதலில் கேட்கும்போது பியானோ மட்டும்தான் காதில் விழும். இன்னொரு முறை கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போனால், அந்தப் பாட்டு முழுக்க எதன் மேல் நிற்கிறது என்று தெரியும். அந்த ஸ்ஸக்கை அதே வேகத்தில், அழுத்தம் மாறாமல், ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பாருங்கள். தோள்பட்டை சொல்லும் எவ்வளவு கஷ்டம் என்று.

சரி, இவர் பயந்த சுபாவமா, அதனால்தான் சத்தம் குறைவா என்று கேட்பவர்கள் உண்டு. ஹோட்டலில் பின்னணியில் ஓடுகிற இசை மாதிரி இருக்கிறது என்றுகூட ஒரு நண்பர் சொன்னார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பயந்தவர் தெரிந்த பாதையிலேயே நடப்பார். ஜிம் ஹாலோ அடுத்த சுரம் எங்கே போகும் என்று ஊகிக்கவே விடமாட்டார். மூன்று சுரத்தில் ஒரு சின்னத் துண்டை எடுப்பார். அதைத் தலைகீழாக்குவார், கொஞ்சம் தள்ளி வைப்பார், தாளத்தில் ஒரு அடி பின்னால் போடுவார், நடுவில் நிறுத்திவிட்டு மௌனமாக இருப்பார். பாட்டு முடியும்போது அந்த மூன்று சுரம் வளர்ந்து ஒரு முழுக் கதையாகியிருக்கும். நம் ஊரில் நல்ல கற்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் உடனே பிடிபடும். மின்கிட்டார் ஒலிபெருக்கியை எல்லோரும் சத்தம் கூட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மெதுவாக மீட்டினாலும் காதில் விழும் என்பதற்காக அதைப் பயன்படுத்தியவர் அவர். அவருடைய கிப்ஸன் இஎஸ்-175 கிட்டாரில் மரத்தின் சத்தமும் தந்தியின் சத்தமும் கலந்து வரும். இதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும்.

வாழ்க்கையிலும் அவருக்கு நேர்பாதை அமையவில்லை. 1960களில் குடிப்பழக்கம் அவரைப் பிடித்து வாட்டியது. ஊர் ஊராகச் சுற்றுவதை விட்டுவிட்டு, குடியையும் விட்டு, நியூயார்க்கில் மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் மாதச் சம்பளக்காரர் மாதிரி உட்கார்ந்தார். ரோலின்ஸோடும் பில் எவன்ஸோடும் வாசித்தவர்! இந்தக் கட்டத்தைப் படித்தபோது அவர்மேல் மரியாதை கூடியது. உயிரோடும் தெளிவோடும் இருந்தால்தான் வாசிக்க முடியும் என்று புரிந்துகொண்டு எடுத்த முடிவு அது. 1970களில் ரான் கார்டரின் பேஸோடு இருவராக வாசித்த ‘அலோன் டுகெதர்’, டொரன்டோவில் ஒரு கிளப்பில் பதிவான 1975ஆம் ஆண்டு மூவர் கச்சேரி என்று அவர் கொடுத்ததெல்லாம் பொக்கிஷம்.

இப்போது சாதகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை மாற்றியது அதுதான். கிட்டாரே தன்னை அடக்கி வைத்திருக்கிறது என்பார் ஜிம் ஹால். சில நாள் கையில் எடுத்தால், இன்று உன்னால் வாசிக்க முடியாது என்று அது சொல்வதுபோல் இருக்குமாம். இருந்தாலும் தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருப்பாராம். இதை யார் சொல்கிறார்? அரை நூற்றாண்டு வாசித்த மனிதர். கை ஓடாத நாள் எனக்கு மட்டும்தான் வருகிறது என்று நினைத்திருந்த எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

அவர் மாணவர்களுக்குச் சொன்ன பயிற்சிகளில் ஒன்று, ஒரே தந்தியில் தனி வாசிப்பது. கேட்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். கிட்டார் வாசிப்பவர்களுக்குத் தெரியும், நம் விரல்கள் வடிவங்களை மனப்பாடம் செய்துவைத்திருக்கும். கிட்டார் கழுத்தில் ஐந்தாவது ஃப்ரெட் என்கிற கட்டத்துக்குக் கை போனால் அங்கே பழகிய நாலு சொற்றொடர் தானாக வந்து விழும். மனம் எங்கோ இருந்தாலும் விரல் ஓடும். ஒரே தந்தி என்று கட்டிப்போட்டால் அந்த வடிவங்கள் எதுவும் உதவாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போக கழுத்தின் நீளத்துக்கும் கை ஓட வேண்டும். எங்கே போகிறோம் என்று முதலில் மனதுக்குள் கேட்காமல் போகவே முடியாது. தூரமாக இருக்கும் சுரத்துக்குப் போகும் நேரத்தில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பாட்டு மூச்சு விடுகிறது.

நான் இதை ‘பி’ என்கிற இரண்டாம் தந்தியில் செய்கிறேன். பின்னணிக்கு கார்ட் ஓடவிட்டு, தெரிந்த ஒரு பாட்டின் மேல் அந்த ஒரே தந்தியில் தேடுகிறேன். முதலில் நரகமாக இருந்தது. சுரம் கிடைக்காது, கிடைத்தாலும் தாமதமாகும். சில வாரங்கள் கழித்து ஒரு நாள், ‘செவன்த்’ என்ற வகைக் கார்ட் அடுத்த கார்டுக்கு இறங்கும் இடத்தில், எதையும் யோசிக்காமல் கை சரியாக அந்த அடுத்த கார்டின் மூன்றாம் சுரத்தில் போய் நின்றது. அதைக் கை கண்டுபிடிக்கவில்லை, காது கண்டுபிடித்தது. இவ்வளவு வருடம் ஸ்கேல் ஏற்றி இறக்கியபோது இந்த மாதிரி ஒரு நொடி எனக்குக் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து சாதகம் எனக்குக் கடமையாகவே இல்லை.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமாக வாசிப்பவர்களையும் ரசிக்கிறேன். ஆனால் இன்று கிட்டார் கற்கும் இளைஞர்கள் முப்பது வினாடி வீடியோவில் யார் எத்தனை சுரம் அடிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மனம் உடைந்து போகிறார்கள். எத்தனையோ நல்ல காதுகள் இப்படி வாத்தியத்தை விட்டுப் போவதைப் பார்க்கிறேன். அவர்கள் கையில் யாராவது ஜிம் ஹாலின் ஒரு பதிவைக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

கடைசிவரை அவர் கற்பதை விடவில்லை. தன்னிடம் பாடம் கேட்ட பில் ஃப்ரிசெலோடு சரிசமமாக உட்கார்ந்து 2008இல் ஒரு தட்டு வெளியிட்டார். ஃப்ரிசெல் ஒலியைச் சிதைத்து, மிதக்கவிட்டு என்னென்னவோ செய்ய, எழுபது தாண்டிய பெரியவர் ஆவலாகக் கூடவே போகிறார். 2013 கோடையில் நியூபோர்ட் விழாவில் பேரன் வயதுள்ள ஜூலியன் லேஜோடு மேடையில் இருந்தார். அந்த டிசம்பரில், 83ஆம் பிறந்தநாள் முடிந்து சில நாட்களில், நியூயார்க்கில் தன் வீட்டில் காலமானார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ‘அண்டர்கரண்ட்’டில் தொடங்கலாம், ஹெட்ஃபோனில் கேட்பது உத்தமம். 1975இல் வந்த ‘கொன்சியெர்டோ’வில், ஸ்பெயின் நாட்டு கிட்டார் கான்செர்ட்டோ ஒன்றின் பகுதியைச் செட் பேக்கர் (டிரம்பெட்), பால் டெஸ்மண்ட் (சாக்ஸஃபோன்) ஆகியோரோடு சேர்ந்து கிட்டத்தட்ட இருபது நிமிடம் வாசித்திருப்பார். ஜாஸ் புரியாது என்று ஒதுங்குபவர்களுக்கும் அது பிடிக்கும். அப்புறம் ஒரு வேண்டுகோள். சென்னையில் பேஸ் வாசிப்பவர்கள், அல்லது பியானோவில் மெதுவாக வாசிக்கச் சம்மதிப்பவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு காலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன், இருவராக வாசித்துப் பார்க்க ரொம்ப ஆசை.