எந்தப் பிராஞ்ச் என்றே கேட்காமல் தீர்ப்பு சொல்லும் கனவான்களுக்கு

மத்திய அரசுக் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி.யில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு, அண்ணா பல்கலையின் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஒரு பொண்ணைக் கேலி செய்து ஒரு கல்வி ஆலோசகர் போட்ட அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சார் சிரிக்கிறார். "திருச்சி என்.ஐ.டி.யை விட்டுட்டு கிண்டிக்குப் போறவங்களை என்னன்னு சொல்றது?" என்று கையை விரிக்கிறார். கேட்டால் பெயர் சொல்லவில்லையாம், அதனால் யாரையும் அவமானப்படுத்தவில்லையாம். ஊர், பள்ளி, மார்க் எல்லாம் சொல்லி முடித்த பிறகு பெயர் எதற்கு சார்?

எனக்கு ஒரே கேள்விதான். எந்தப் பிராஞ்ச்?

முழு வீடியோவில் இந்த ஒரு வார்த்தை வரவே இல்லை. அந்தப் பொண்ணுக்குத் திருச்சியில் கிடைத்தது மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். கிண்டியில் கிடைத்தது இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). அவள் படிக்க நினைத்தது எலக்ட்ரானிக்ஸ். இதைச் சொல்லியிருந்தால் வீடியோவுக்கு விஷயமே இருந்திருக்காது, அதனால்தான் சொல்லவில்லை.

கல்லூரிப் பெயரில் யாரும் சேர்வதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான மத்தியக் கலந்தாய்வு ஜோசா, அதன் விருப்பப் பட்டியலைத் திறந்து பாருங்கள். "என்.ஐ.டி. திருச்சி" என்று மட்டும் ஒரு வரி அதில் கிடையாது. ஒவ்வொரு வரியும் கல்லூரியும் படிப்பும் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வான டி.என்.இ.ஏ.விலும் அப்படித்தான், கல்லூரிக் குறியீட்டோடு பிராஞ்ச் குறியீடும் போட்டால்தான் ஒரு சாய்ஸ். கம்ப்யூட்டருக்குப் புரிந்த இந்த விஷயம் கல்வி ஆலோசகருக்குப் புரியவில்லை.

மெட்டலர்ஜியை நான் மட்டம் தட்டவில்லை. திருச்சியில் அது பழைய, கனமான துறை. ஸ்டீல், வெல்டிங், மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சி, கேட் தேர்வு எழுதிப் பொதுத்துறை நிறுவன வேலை என்று மனதில் தெளிவாக இருக்கிற பிள்ளை கிண்டி இ.சி.இ.யை விட்டுவிட்டுத் திருச்சி மெட்டலர்ஜிக்குப் போனால் அதுவும் சரிதான். அவனையும் யாரும் சிரிக்கக் கூடாது. "உள்ளே போய் பிராஞ்ச் மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிராஞ்ச் மாற்றம் எங்கிருந்தாலும் முதல் வருட மதிப்பெண்ணில் உச்சியில் நிற்கும் ஒருசிலருக்குத்தான், அதுவும் இடம் காலியானால்தான். நாலு வருடப் படிப்பை அந்த நம்பிக்கையில் தொடங்க முடியாது.

அடுத்து இட ஒதுக்கீடு. ஒரே பிள்ளை, இரண்டு கவுன்சிலிங்கிலும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, இ.டபிள்யூ.எஸ். (பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்) 10. இங்கே எம்.பி.சி. என்று தனியாக 20-இல் நிற்கும் பிள்ளை அங்கே போனால் எல்லாரோடும் சேர்ந்து அந்த 27-க்குள் போட்டியிட வேண்டும். என்.ஐ.டி.யில் பாதி இடம் அது இருக்கிற மாநிலத்தவருக்கு. அதற்குச் சொந்த ஊரோ தாய்மொழியோ கணக்கில்லை, 12-ஆம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தாய் என்பதுதான் கணக்கு. பெங்களூரில் 12 முடித்த தஞ்சாவூர்ப் பையன் திருச்சி என்.ஐ.டி.க்கு வெளிமாநிலத்தான். பெண்களுக்கென்று என்.ஐ.டி.களில் தனி இடங்கள் உண்டு, டி.என்.இ.ஏ.வில் அப்படி இல்லை. இத்தனையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "இதுதான் பெஸ்ட்" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

யாருமே பேசாத விஷயம் தேதி. இரண்டு சீட்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைத்து உங்களை யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. ஜோசா ஜூனில் தொடங்கி ஜூலை நடுவில் முடிந்துவிடும். டி.என்.இ.ஏ. பொதுப்பிரிவு தொடங்குவதே ஜூலை நடுவிலோ கடைசியிலோதான். ஜோசா சீட்டைக் கட்டிய பணத்தில் பெரிய பிடித்தம் இல்லாமல் விட்டு வெளியே வரும் வாய்ப்பு கடைசிச் சுற்றுக்கு முன்பே மூடிவிடும். ஆக, கிண்டி கிடைக்குமா என்று தெரியாமலே திருச்சிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திருச்சியை விட்டுவிட்டுக் கிண்டியை நம்ப வேண்டும். வீட்டில் எல்லாரும் தூங்காமல் கிடக்கிற நாட்கள் அவை. அந்தப் பொண்ணு வீட்டில் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். சிரித்த சார் அந்தக் கணக்கையும் சொல்லியிருக்கலாம்.

இதற்கு வழி இருக்கிறது. டி.என்.இ.ஏ. தரவரிசைப் பட்டியல் கலந்தாய்வுக்கு முன்பே வந்துவிடும். கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. போன வருட கட்-ஆஃபை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். ஒரு வருடம் கணிதத் தாள் சுலபமாக வந்தால் 199-க்கு மேல் கூட்டம் நெரியும், மறு வருடம் அதே 198.5 எங்கேயோ போய் நிற்கும். போன வருடம் அந்தப் பிராஞ்ச் உங்கள் இட ஒதுக்கீட்டு வகுப்பில் எத்தனையாவது ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். ரேங்க் அவ்வளவாக ஆடாது. ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களை முதலில் கணிதத்தில் பிரிப்பார்கள், பிறகு இயற்பியல், அப்படியே இறங்கிப் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். அந்த எண்ணுக்குப் பூஜை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது தேவையே படாது.

ஜோசாவில் சீட் கிடைத்ததும் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைட் என்றால் அதே கல்லூரிக்குள் உங்கள் பட்டியலில் மேலே உள்ள பிராஞ்ச். ஃப்ளோட் என்றால் மேலே உள்ள எதுவாக இருந்தாலும். ஃப்ளோட்டில் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கீழே வைத்திருந்தது தானாகப் போய்விடும், பிறகு அழுதாலும் வராது. டி.என்.இ.ஏ.வில் "ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி" என்று கொடுத்தாலும் இதே கதைதான். அதனால் உண்மையில் போக விரும்பாத எதையும் பட்டியலில் மேலே வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று வைத்த சாய்ஸ்தான் கடைசியில் கிடைத்துத் தொலைக்கும்.

தருமபுரிப் பக்கம் ஒரு பையன், எம்.பி.சி., நல்ல ரேங்க். என்.ஐ.டி.க்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று போட்டிருந்தான். சீட்டும் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் அவன் ஏற்றியது மாநில சாதிச் சான்றிதழ். மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயர் (ஓ.பி.சி.யில் வசதியான பிரிவு) இல்லை என்று, அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ்தான் செல்லும். குவெரி போட்டார்கள், கெடுவும் கொடுத்தார்கள். அந்தத் தாள் கையில் வந்தபோது சுற்று முடிந்திருந்தது. சீட் போய்விட்டது. அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர். "எல்லாம் ஒரே சாதி சர்டிபிகேட்தானேங்க" என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டதில் தப்பில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் அப்போது எந்தக் காலேஜ் கெத்து என்று வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, கிரீமி லேயரைத் தீர்மானிக்கிற 8 லட்சம் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. சேரும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் நிறைய.

இப்போது வரிசையாக வருவார்கள், தெரியும்.

"என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க் பார்க்கலையா?" பார்த்தேன். மத்திய அரசின் அந்தத் தரவரிசையில், 2024 பொறியியல் பட்டியலில் திருச்சி 9, அண்ணா பல்கலை 14. அதே வருடம் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் அண்ணா முதலிடம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் பிராஞ்ச் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை, பிஎச்.டி. எண்ணிக்கை, பிறர் மனதில் உள்ள மதிப்பு எல்லாம் சேர்த்துப் போட்ட எண் அது. அது மெட்டலர்ஜிக்கும் இ.சி.இ.க்கும் நடுவில் முடிவு சொல்லாது.

"இந்தியா முழுக்க நண்பர்கள் கிடைப்பாங்க, எக்ஸ்போஷர்." சரி, உண்மைதான். இருக்கட்டும்.

"அண்ணா யுனிவர்சிட்டி பட்டம் ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுக்கிறதுதானே?" கிண்டி போன்ற பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் தனி. தெரிந்துகொண்டு வாருங்கள்.

"பேக்கேஜ்?" இதற்குத்தான் கொஞ்சம் பேச வேண்டும். பேனரில் போடுகிற உச்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. சராசரி என்பது அந்த ஒருவரால் மேலே தூக்கப்பட்டது. மீடியன் கேளுங்கள், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம். அதையும் பிராஞ்ச் வாரியாகக் கேளுங்கள். கல்லூரியில் மொத்தம் எத்தனை பேர், வேலைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், மேல்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். சதவீதத்தைப் பதிவு செய்தவர்களை வைத்து மட்டும் போடுகிற வழக்கம் உண்டு, அப்போது எண் அழகாக வரும். என்.ஐ.ஆர்.எஃப்.புக்குக் கல்லூரிகள் கொடுத்த தரவு அவரவர் இணையதளத்திலேயே பி.டி.எஃப். ஆக இருக்கும். மீடியனும் மேல்படிப்பு எண்ணிக்கையும் அதில் உண்டு. பிராஞ்ச் வாரியாக இருக்காது, அதை அங்கே படிக்கிற சீனியர்களிடம்தான் கேட்க வேண்டும். மெட்டலர்ஜி படித்துவிட்டு சாஃப்ட்வேரில் சேர்ந்தவருடைய சம்பளத்தை மெட்டலர்ஜிக் கணக்கில் எழுதினால் அது யாருடைய சாதனை?

"என்.ஐ.டி. செலவு அதிகம், அதான் பயந்துட்டாங்க." இப்படிச் சொல்கிறவர்களும் தப்பு. டியூஷன் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம் என்ற கணக்கில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு முழு விலக்கு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் யாருக்கும் முழு விலக்கு. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, கட்ட வேண்டியது சுமார் 41,667. ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. கிண்டிக் கட்டணம் இதைவிடக் குறைவு, முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கிறது. ஆனால் பணத்துக்குப் பயந்து ஒரு நல்ல என்.ஐ.டி. சீட்டை யாரும் விட வேண்டியதில்லை. அந்தப் பொண்ணும் அதற்காக விடவில்லை.

"நீங்க கிண்டி ஆளு, அதான் இப்படிப் பேசறீங்க." அடுத்த கேள்வி.

"ஸ்டேட் போர்டு மனப்பாடம், அதனாலதான் ஜே.இ.இ. ரேங்க் வரலை, கிண்டியில ஒளிஞ்சுக்கறாங்க." அந்த வீடியோவின் கமெண்டில் இதற்குத்தான் அதிக லைக். இங்கேதான் எனக்கு வலிக்கிறது. இந்த மாநிலம் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை நீக்கி 2007-இலிருந்து 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணில் சேர்க்கிறது. அதை மனதார ஏற்கலாம், எதிர்க்கலாம். ஆனால் கோச்சிங் ஊரில் இரண்டு வருடம் தங்கிப் படிக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை, தமிழில் ஜே.இ.இ. மெயின் எழுதும் வாய்ப்பே 2021-இல்தான் வந்த மாநிலத்துப் பிள்ளை, பள்ளிப் பாடத்தோடு சேர்த்து இந்தத் தேர்வையும் எழுதி ஒரு என்.ஐ.டி. சீட் வாங்குகிறாள். வாங்கிவிட்டுத் தனக்கு வேண்டிய பிராஞ்ச் இன்னொரு இடத்தில் இருக்கிறது என்று எழுந்து வருகிறாள். இதில் ஒளிந்துகொள்வது எங்கே இருக்கிறது? அவளிடம் திருச்சி சீட்டும் இருந்தது, கிண்டி சீட்டும் இருந்தது. சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் கையில் இதில் ஒன்றாவது இருந்தது?

ஒரு பையன் இதையே செய்திருந்தால் "தெளிவான முடிவு" என்று பேட்டி எடுத்திருப்பார்கள். பொண்ணு என்றதும் "வீட்டுப் பக்கத்துலயே இருக்கணும்னு அப்பா சொல்லியிருப்பார்" என்று கதை கட்டுகிறார்கள். அவள் வீட்டிலிருந்து திருச்சிதான் பக்கம் சார். சென்னைதான் தூரம். மேப்பையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: ஜே.இ.இ. பொது ரேங்க், வகுப்பு ரேங்க், 12 முடித்த மாநிலம், டி.என்.இ.ஏ. வகுப்புவாரி ரேங்க், கையில் இருக்கிற ஓ.பி.சி. சான்றிதழின் தேதி, படிக்க விரும்பும் மூன்று பிராஞ்ச் வரிசையாக. இவ்வளவும் அனுப்புங்கள், ராத்திரிக்குள் பதில் போடுகிறேன். "சார், எது பெஸ்ட்?" என்று மட்டும் வந்தால் பதில் வராது.