கார்ட் பழுதில்லை, டிரைவர்தான் ஏறவில்லை

உபுண்டுவை (கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள்) அப்டேட் செய்தால், திரைக்குப் படம் தரும் என்விடியா கிராபிக்ஸ் கார்ட் பழுதாகிவிடும், புதுசுதான் வாங்கவேண்டும் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். வவுனியா, கிளிநொச்சிப் பெடியள் சிலர் அதை அப்படியே பகிர்ந்தும் விட்டார்கள். கோபிக்க வேண்டாம் அண்ணா, அப்டேட்டால் கார்ட் பழுதாவதில்லை. கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதன் மாட்யூல், அதாவது கேர்னலுக்குள் (உபுண்டுவின் மையப் பகுதி) ஏறும் துண்டு, ஒவ்வொரு கேர்னல் பதிப்புக்கும் தனித்தனியாகப் பொருந்தவேண்டும். புதுக் கேர்னல் ஏறி, அதற்கான மாட்யூல் ஏறாமல் போனால் (பாதியில் கரன்ட் போனாலே போதும், எங்கள் பக்கம் அது புதினமில்லை) திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது ரெசலூஷன் குறைந்து எல்லாம் பெருத்துத் தெரியும்.

கடைக்குக் கொண்டு ஓடமுதல் நீங்களே பாருங்கள். மொனிட்டர் வயர் கார்டில்தான் செருகியிருக்கிறது, பவர் போட்டதும் கம்பனி லோகோவும் வருகிறது என்றால் கார்ட் அநேகமாக வேலை செய்கிறது. பிறகு ரீஸ்டார்ட் செய்து, ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் கீயால் கிரப் மெனுவை (எந்தக் கேர்னலில் தொடங்குவது என்று தெரியும் பட்டியல்) எடுத்து, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். டெஸ்க்டாப் முன்னம்போல வந்தால் சரி, பிரச்சினை புதுக் கேர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில்தான்.

கெப்ளர் (என்விடியாவின் பழைய தலைமுறை ஒன்று) வகைக் கார்ட் என்றால் டிரைவர் இலக்கத்தையும் பாருங்கள். 470 வரிசைதான் அவற்றுக்குக் கடைசி. அதற்கு மேற்பட்ட டிரைவரைப் போட்டால் நல்ல கார்டையும் அது ஏற்காது.