பகலுக்கு வெயில், இரவுக்குத் தண்ணீர்

மழை பொய்த்தால் இலங்கை மலையகத்தின் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள்ளிருந்து பழைய மஸ்கெலியா டவுன் எழுந்து வரும். 1969இல் அணை கட்டியபோது மூழ்கிய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேறு அப்பிக்கொண்டு நிற்கும். என் அப்பாயி அந்த டவுனில்தான் கல்யாணப் புடவை எடுத்தவர். ஒருமுறை கூட்டிப்போனபோது வெடித்த சேற்றில் ஒரு படிக்கட்டைத் தொட்டு, "இதான்யா ஜவுளிக்கடை வாசல்" என்றார்.

ஓர் ஊரையே கொடுத்து வாங்கிய தண்ணீர் அது. கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று மின்நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் களனி கங்கைக்குப் போகிறது. டொலர் கொடுத்து வாங்கவேண்டியதில்லை. மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் கரண்ட். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் அப்படியில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்று நுரைச்சோலையில் மூன்று இயந்திரமும் நின்றன. திரும்ப ஓடவைக்க நாள் கணக்கானது, அடுத்த இரண்டு நாளும் மின்வெட்டு.

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீரை மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரைக்குமான நெருக்கடி நேரத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டும். பகலுக்கு வெயில் இருக்கிறது.

ஆனால் நடந்தது என்ன? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் மூன்று மணிவரை கூரை சோலாரை அணைத்துவைக்கச் சொன்னது மின்சார சபை. காரணம் பொய்யில்லை. தொழிற்சாலைகள் மூடியிருந்தால் தேவை குறையும். அப்போது சோலார் மட்டும் கூடினால், வலையமைப்பைத் தாங்கிப்பிடிக்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் குறைந்து, சின்ன அதிர்வுக்கே எல்லாம் விழுந்துவிடும். பொறியியலாளர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சரி, ஆனால் கடன் வாங்கி பெனல் போட்டவர்களுக்கு அணைக்கச் சொல்வதுதான் பதிலா? 2022 மார்ச் கடைசியில் எண்ணெய் வாங்கக் காசில்லாமல் பதின்மூன்று மணிநேரம் இருட்டில் கிடந்தோம். மெழுகுவர்த்தியில் பிள்ளைகள் படித்த நாடு, வெயிலை வீணாக்கலாமா?

மகாஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டும் பேச்சு வருடக்கணக்காக இருக்கிறது. பகல் வெயிலில் வரும் மிச்ச கரண்டால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது. அதைக் கட்டி முடிக்கும்வரை உபமின்நிலையங்களில் பெரிய பேட்டரிகளை வையுங்கள். அடுத்த சித்திரைக்குள் அதையாவது செய்யுங்கள்.