பேட் வாங்கித் தா

(காலை 7 மணி. மொட்டை மாடி. அம்மா வடாம் பிழிகிறார். சேகர் நனைந்த மெத்தையைத் தூக்கி வந்து கைப்பிடிச் சுவரில் போடுகிறான்.)

அம்மா: இன்றைக்குமாடா? தள்ளிப் போடு, வடாம் பக்கத்தில் வேண்டாம்.

சேகர்: ஏழு வயதாகிறது அம்மா உன் பேரனுக்கு. எல்லாம் சோம்பேறித்தனம்.

அம்மா: தூக்கத்தில் போகிற பிள்ளைக்கு என்னடா சோம்பேறித்தனம்? ஆமாம், இது உன் மெத்தை ஆச்சே?

சேகர்: ‘காலையில் உன் பாய் காய்ந்திருந்தால் கிரிக்கெட் பேட்’ என்று சொல்லியிருந்தேன். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். பாய் காய்ந்துதான் இருக்கிறது, பேட் எங்கே என்கிறான்.

அம்மா: கேட்பான். பேரம் பேசியது நீ. டாக்டரம்மா என்ன சொன்னார்?

சேகர்: பகலில் நனைகிறதா, எரிகிறதா என்று விசாரித்தார். அதெல்லாம் இல்லை. காய்ந்த படுக்கைக்குப் பரிசு கூடாதாம், அது அவன் கையில் இல்லையாம். படுக்கும் முன் பாத்ரூம் போனால் காலண்டரில் ஒரு ஸ்டார். தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடிக்க வேண்டும். அப்புறம், படுக்கப் போகிறவனுக்குச் சொம்பு நிறையப் பால் கொடுப்பது யார் என்று கேட்டார்.

அம்மா: என்னைச் சொல்லிவிட்டாயா?

சேகர்: ‘வீட்டில் பெரியவர்கள்’ என்றேன்.

அம்மா: அதுவரைக்கும் நல்லவன். ராத்திரி 2 மணிக்கு மொபைல் அலறியதே, அது?

சேகர்: தெரு நாய்கூட எழுந்தது, அவன் எழவில்லை. தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினால் ஷூ ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி நின்றான். அரைத்தூக்கத்தில் போக வைத்தால் ஒன்றும் பழகாதாம். ஜட்டியில் மாட்டுகிற அலாரம் இருக்கிறது. ஈரம் பட்டதும் கத்தும். 2, 3 மாதம் விடாமல் மாட்ட வேண்டும். ஆரம்பத்தில் நாம்தான் எழுந்து அவனை எழுப்பணும்.

அம்மா: நாம் என்றால் நான்.

சேகர்: இன்னொன்றும் கேட்டார். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வருமாம். இரண்டு பேருக்கும் என்றால் ஏறக்குறைய நாலில் மூன்று. எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

(வடாம் கோணிக்கொண்டு விழுகிறது.)

அம்மா: நாலாவது படிக்கும்போது உன்னைக் கொடைக்கானல் டூருக்கு ஏன் அனுப்பவில்லை, தெரியுமா?

சேகர்: காய்ச்சல் என்றாயே!

அம்மா: உனக்கு ஏதுடா காய்ச்சல்? கூடவே ரப்பர் ஷீட்டையும் அனுப்பணுமே என்று எனக்குத்தான் வந்தது.

சேகர்: மெதுவாகப் பேசு. கீழே உன் மருமகள் காதில் விழப்போகிறது.

அம்மா: விழட்டுமே. அவள் ஐந்தாவது வரைக்கும் என்று சம்பந்தியம்மா நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்.

சேகர்: (மெத்தையை மெல்லப் புரட்டிப் போட்டுவிட்டு) ஏழு வயதுப் பையனுக்கு எத்தனாம் நம்பர் பேட் அம்மா?